மேற்கே ஐந்நூற்றுப் பத்தொன்பது விரற்கடை

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தன் வீட்டுக் கட்டிலில் படுத்தால் அடுத்த வீட்டில்தான் தூங்குவாள். இதை முதலில் பார்த்தவள் அந்த அடுத்த வீட்டுத் தையல்காரம்மா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மெஷினுக்கு எண்ணெய் போட வந்தவள், துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், காற்றின் மேல் ஒரு பெண் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடப்பதைக் கண்டாள். குனிந்து முகத்தைப் பார்த்து, நம்ம எக்ஸ்ரே பொண்ணு என்று அடையாளம் கண்டுகொண்டாள். மெஷின் சத்தத்தில் பாவம் விழித்துவிடுவாளே என்று ஏழு மணி வரைக்கும் கையாலேயே பொத்தான் தைத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்புகூட உதிரவில்லை.

காரணம் அவள் கணவன்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம் மெக்கானிக் ஒரு கேமரா வாங்கினான். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் இருட்டுமாக நிற்கிறவனுக்கு ஏழாம் நாள் பூ பார்க்கத் தோன்றியதில் தப்புச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாவரவியல் தோட்டம், ஏரிக்கரைத் தோட்டம், ரோஜாத் தோட்டம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் மலைமேல் தோட்டம் வைத்த ஏதாவது ஒரு விடுதி. மனைவியும் சந்தோஷமாகவே கூடப் போனாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வாரம் முழுக்க ஊராரைப் பார்த்து "அசையாதீங்க, மூச்சப் புடிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளை அசையச் சொல்ல ஓர் ஆள் இருந்தது.

பூவைக் காலை பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவன் ஒரு பத்திரிகையில் படித்திருந்தான். அந்நேரத்தில் வெயில் கிழக்கேயிருந்து சாய்ந்து விழும். பூவுக்குக் கிழக்கே யார் நின்றாலும் நிழல் பூவின் மேல் படும். அவன் பார்த்த பூவைத்தான் அவளும் பார்க்க ஆசைப்பட்டாள் என்பதால், நின்றது எப்போதும் அவள்தான். "கொஞ்சம் மேக்கால தள்ளிக்கோ" என்பான். தள்ளிக்கொள்வாள். அதட்டினான் என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தில் அவன் குரல் பூவுக்கே வலிக்காது. "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று அவள் கேட்டபோதெல்லாம், "இத முடிச்சிட்டு வரேன், வெளிச்சம் போயிடும்" என்றான். வெளிச்சமும் ஒவ்வொரு தடவையும் சொன்ன சொல் தவறாமல் போய்விட்டது.

எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அவன் நோட்டில் ஒரு வரி எழுதுவான். லிஃப்ட் பராமரிப்புப் பதிவேடு எழுதிப் பழகிய கை அது. நாள், இடம், பூ, மணி, குறிப்பு என்று கோடு போட்டு, குறிப்பு என்ற கட்டத்தில், "பழுது அகற்றப்பட்டது" என்று வேலையில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், "நிழல் அகற்றப்பட்டது" என்று எழுதினான். அப்படி எழுதிய ஒவ்வொரு முறையும் அவன் மனைவி இந்த உலகத்தில் தனக்கு உரிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேற்கே தள்ளிப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

முதல் வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தேநீர்க் கிளாஸை மேசையில் வைப்பாள், அது மேசைக்குப் பக்கத்தில் காற்றில் நிற்கும்; "பாத்து வைக்கக் கூடாதா" என்று அவன் கேட்பான். பிறகு நாற்காலியில் உட்காரப் போனால் நாற்காலிக்கு அடுத்த வெற்றிடத்தில் உட்கார்ந்தாள். கட்டிலில் படுத்தால் கட்டிலை விட்டு ஒரு முழம் தள்ளி, கட்டில் உயரத்திலேயே கிடந்தாள். பேருந்தில் ஏறினால் பேருந்துக்கு வெளியே, இருக்கை மட்டத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். நடத்துநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டிக்கெட் கொடுத்தார். பேருந்து மேற்கே திரும்பும் சாலைகளில் அவள் அதற்கு முன்னால் போனாள். ஓட்டுநர் ஒரு நாளும் ஹாரன் அடிக்கவில்லை, நல்ல மனுஷன். கண் டாக்டரிடம் காட்டினார்கள், காது டாக்டரிடம் காட்டினார்கள். அவளே தன்னை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். ஃபிலிம் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்ததே தவிர எலும்பில் ஒரு குறையும் இல்லை.

தையல்காரம்மா சுவருக்கு அந்தப்பக்கம் தனியாக இருந்தவள். பேச்சுத் துணை கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாள். மாதத்துக்கு மாதம் அவள் தன் மெஷினையும் இஸ்திரி மேசையையும் மேற்கே நகர்த்தி வழிவிட்டாள். "அடுத்த மாசம் எதுவரைக்கும் வருவேன்னு சொல்லிடும்மா, பீரோவ மட்டும் என்னால ஒத்தையா தள்ள முடியாது" என்றாள். அவளே ஒரு யோசனையும் சொன்னாள்: பத்தடி கிழக்கே தள்ளிப் படுத்தால் கணக்காகத் தன் கட்டிலுக்கே வந்துவிடலாமே! பத்தடி கிழக்கே சமையலறை. ஒரு மத்தியானம் மெக்கானிக்கின் மனைவி அங்கே அடுப்புக்குக் கீழே பெஞ்சு போட்டுப் படுத்தும் பார்த்தாள். சரியாகக் கட்டிலின் நடுவில் வந்து விழுந்தாள். ஆனால் எழுந்து உட்கார்ந்து, "என் கட்டில்ல தூங்கறதுக்கு நான் எதுக்குக்கா அடுப்படில போய்ப் படுக்கணும்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மெக்கானிக்குக்குக் காரணம் தெரிந்தது கேமரா வாங்கிய மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில். மழையால் தோட்டங்கள் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை ஒன்றும் ஓடாமல், கட்டிலிலிருந்து மனைவி உட்கார்ந்திருக்கும் இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தான். பையில் டேப் இருந்தும் விரலால்தான் அளந்தான். எதையும் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அவன் வழக்கம். தன் வீட்டுத் தரையில் தவழ்ந்து, சுவரின் கனத்தை ஜன்னல் வழியாகக் கணித்து, அடுத்த வீட்டுத் தரையில் தவழ்ந்து, மனைவியின் செருப்பருகே போய்ச் சேர்ந்தபோது இருநூற்றுப் பதினான்கு விரற்கடை. பிறகு சும்மா இருக்க முடியாமல் நோட்டை எடுத்து, "நிழல் அகற்றப்பட்டது" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறோம் என்று எண்ணினான். இருநூற்றுப் பதினான்கு. மறுபடி எண்ணினான். அப்புறம் நோட்டை மூடி, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, மழை விட்டுவிட்டதா என்று பார்க்கப் போவதுபோல் வெளியே போய் நின்றான்.

அன்றே சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருந்தாள். குரல் கொடுத்தாலே போதும். சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது, ஏரிக்கரையில் அல்லி பூத்திருந்தது. இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதற்கடுத்த வாரமும் அப்படியே நினைத்தான். கெட்டவன் இல்லை, அதுதான் கேவலம். கெட்டவனாக இருந்திருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். தோட்டத்தில் அவள் குனிந்து ஒரு பூவைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மனசுக்குள் நோட்டின் வரிகளை எண்ணுவான். வாய் மட்டும் தன்பாட்டுக்கு "கொஞ்சம் மேக்கால" என்று சொல்லிவிடும். "உங்களுக்கு இதப் பத்தி ஏதாவது தோணுதா? நீங்க மெஷின் வேல பாக்கறவரு, எது எதனால ஆச்சுன்னு கண்டுபுடிப்பீங்களே" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "எனக்கு என்ன தெரியும்" என்று சொன்னான். சொல்லிவிட்டு அவளுக்குப் பிடித்த ஆரஞ்சு இரண்டு கிலோ வாங்கி வந்தான்.

அவன் எண்ணிப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை மாதம் கழித்து, ஒரு லாரி ஓட்டுநரின் நெஞ்சு எக்ஸ்ரேயில், இடது நுரையீரலுக்கு மேல், பெண்கள் கட்டும் கைக்கடிகாரம் ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. மணி பத்து நாற்பது. பொத்தானை அழுத்துகிற அறையில் நிற்க வேண்டிய அவள், நோயாளிக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் யாரும் கோபப்படவில்லை. தலைமை டாக்டர் அவளுக்கு நாற்காலி போடச் சொல்லி, அது இருக்கும் இடத்தில் அவள் உட்காரவில்லை என்று தெரிந்ததும் அவள் இருந்த பக்கமாகத் திரும்பி, இனிமேல் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் வேலை பார்த்தால் போதும் என்று மரியாதையாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷம் அவள் விரும்பிச் செய்த வேலை அது. வீட்டுக்கு வந்து தையல்காரம்மாவின் அறையில் காற்றில் உட்கார்ந்து அழுதாள். மெக்கானிக் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கால்விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அதை ஆறுதல் என்று நினைத்தாள்.

ஐந்நூற்றெட்டாவது விரற்கடைதான் அவளை வீட்டுக்கு வெளியே தள்ளியது. அதற்கு முந்தைய மாதத்திலேயே அவள் தையல்காரம்மாவின் பால்கனிக் கம்பிக்கு வந்திருந்தாள். அன்று காலை ரோஜாத் தோட்டத்தில் ஒரு மஞ்சள் ரோஜாவில் பனித்துளி நின்றிருந்தது. "தல சுத்துதுங்க, இங்கயே கொஞ்சம் நிக்கறேனே" என்றாள். பனித்துளி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். நோட்டில் எத்தனை வரி இருக்கிறது என்பதும் தெரியும். "ஒரே நிமிஷம், தள்ளி நின்னுக்கோ" என்றான். அன்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபோது பால்கனிக் கம்பிக்கு வெளியே, மூன்றாம் மாடி உயரத்தில், சாலைக்கு மேல் கிடந்தாள். கீழே பழக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, தன் தள்ளுவண்டியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துக்கொண்டார். காற்று தாங்கியது. எத்தனை நாள் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. மெக்கானிக் வேலையிடத்திலிருந்து பாதுகாப்பு பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, அவள் இடுப்பில் மாட்டி, கொக்கியைப் பால்கனிக் கம்பியில் போட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்று அவள் சொன்னாள். தன் வாழ்க்கையில் தான் கேட்ட மிக மோசமான வார்த்தை அதுதான் என்று அவன் பிற்பாடு தையல்காரம்மாவிடம் சொன்னான்.

அந்த மஞ்சள் ரோஜாவுக்கு அதே வாரம் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. மேடையில் கேடயம் கொடுத்தவர், "ஒரு சின்ன நிழல்கூட இல்லாம எவ்வளவு சுத்தமா எடுத்திருக்காரு பாருங்க" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அவளும் தட்டினாள், இருக்கைகளிலிருந்து முப்பதடி மேற்கே, சுவருக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்திலிருந்து அந்தக் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. மெக்கானிக் கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டான். மறதி என்று நினைத்து அதை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, தோட்டத்துக்குப் போகாமல், நோட்டை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவின் பால்கனியில் போய் நின்றான். மனைவி கம்பிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டை எட்டி நீட்டினான். அவள் மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"நிழல் அகற்றப்பட்டது, நிழல் அகற்றப்பட்டது... இது என்ன?"

"நீதான்."

உள்ளே தையல் மெஷின் நின்றது. மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னான்: விரலால் அளந்ததை, இரண்டு தடவை எண்ணியதை, துணிக்கு அடியில் மறைத்ததை.

"எப்ப எண்ணினீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு."

"எக்ஸ்ரே ரூம்லேருந்து என்ன மாத்தினாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி. ஒண்ணரை மாசம்."

"தல சுத்துதுன்னு சொன்னேனே, அன்னிக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா என்னத் தள்ளி நிக்கச் சொன்ன?"

ஒன்பது வருஷமாக அவனை நீங்க என்று கூப்பிட்டவள் அவள். அன்று போன அந்த மரியாதை திரும்பி வரவில்லை. அவனும் அதைத் தேடவில்லை. தெருவே கேட்கும்படி அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் ஆரஞ்சை மிச்சம் வைக்காமல் தின்று, தோலை நோட்டுக்குள் வைத்து மூடி, அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா" என்று உள்ளேயிருந்து தையல்காரம்மா உரக்கச் சொன்னாள்.

பதினோரு நாள் அவள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அவன் லீவு போட்டுவிட்டு, செய்ததைத் திருப்பிச் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு மெக்கானிக்கின் புத்தியோடு, அவளை ஏரிக்கரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். பூ எதுவும் வேண்டாம், அவளை மட்டும் படம் எடுப்பது என்று முடிவு. "உள்ள வா, நீ மட்டும் வா" என்று கேமராவைத் தூக்கினான். தூக்கிய அந்தக் கணத்தில் அவள் கால் தானாக ஓர் எட்டு மேற்கே வைத்தது. "நான் வைக்கல, கால்தான் போகுது" என்றாள். மறுபடி தூக்கினான், மறுபடியும் போனது. பதினோரு முறை முயன்றான். பதினோரு விரற்கடை கூடி ஐந்நூற்றுப் பத்தொன்பது ஆனது. ஏழு வருஷம் அவன் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கால் அது. இப்போது அவன் சொல்லையும் கேட்கவில்லை, அவள் சொல்லையும் கேட்கவில்லை. கேமராவைப் புல்லில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். புல்லில் உட்காரக் கூடாது என்று தோட்டக்காரர் விசில் ஊதினார். அவன் எழுந்திருக்கவில்லை. அவர் மூன்று முறை ஊதிப் பார்த்துவிட்டு, போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவன் அழுது முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, "கேமராவக் குடு" என்றாள் மனைவி.

கொடுத்தான். அவள் அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடக் கேட்கவில்லை. கையில் கிடைத்த ஒரு செம்பருத்தியின் பக்கம் திருப்பினாள். அவன் அதற்குக் கிழக்கே நின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் மேக்கால தள்ளிக்கோ" என்றாள்.

தள்ளிக்கொண்டான். அன்று சாயங்காலம் அவன் வைத்த தேநீர்க் கிளாஸ் மேசை விளிம்பைவிட்டு ஒரு விரற்கடை வெளியே நின்றது.

அதன் பிறகு நாலு வருஷம், ஒரு ஞாயிறும் தவறாமல், அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். லீவு சேர்ந்து வந்தால் மலைக்கும் போனார்கள். அவளுக்குப் படம் எடுக்க வரவே இல்லை. பாதிப் படங்களில் பூ சாய்ந்திருக்கும், மீதியில் பூவே இருக்காது. அதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை, சொல்லிக்கொடுக்கும் தைரியம் அவனுக்கும் இல்லை. நோட்டை அவள்தான் எழுதினாள், அதே கோடுகளுக்குள். குறிப்பு என்ற கட்டத்தில், "புருஷன் தள்ளி நின்றான்" என்று ஒவ்வொரு வரியிலும் முழுசாக எழுதினாள். அவன் கட்டிலைவிட்டு விலகினான், சுவருக்குள் மூக்கு உரசாமல் புகுந்தான், ஒரு நாள் காலை தையல் மேசைக்குப் பக்கத்தில் மிதந்தான். "உங்க வீட்டம்மா மாதிரி இல்லீங்க நீங்க, குறட்ட விடுறீங்க" என்று தையல்காரம்மா குறைப்பட்டுக்கொண்டாலும், மெஷினைப் பழையபடி நகர்த்தி வைத்தாள். அவனுக்கும் வேலை போயிற்று. ஒரு வணிக வளாகத்தில் பழுது பார்க்கப் போய், அதற்கு மேற்கே இருந்த நூலகத்தின் நல்ல லிஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டான். கம்பெனி அவனைப் புகார்த் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு மாற்றியது. அன்று வீட்டுக்கு வந்து, எக்ஸ்ரே அறையை விட்டு வந்த அன்று அவளுக்கு எப்படி இருந்தது என்று முதல் தடவையாகக் கேட்டான். அவள் சொன்னாள். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

பால்கனிக் கம்பியை அவன் தாண்டிய வாரம் அவளே இரண்டாவது பெல்ட் ஒன்றை அவன் இடுப்பில் மாட்டி, கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். அவன் அப்போது அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

ஐந்நூற்றுப் பதினெட்டாவது படம் ஒரு குளிர்காலக் காலையில், மலைமேல் விடுதித் தோட்டத்தில், பெயர் தெரியாத ஒரு நீலப்பூ. எடுத்தாள், எழுதினாள். ஒன்றுதான் பாக்கி. மெக்கானிக் தானாகவே அடுத்த செடிக்குக் கிழக்கே போய், நிழல் பூவின் மேல் நன்றாக விழும்படி நின்றுகொண்டான். அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேமராவை இறக்கி, லென்ஸுக்கு மூடி போட்டு, பைக்குள் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றான்.

"தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே, அதுக்கு அது. இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினான். இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

இப்போது அவர்கள் மூன்றாம் மாடி உயரத்தில், சாலைக்கு மேல் குடியிருக்கிறார்கள். தையல்காரம்மா தன் பால்கனியில் அவர்களுக்கென்று ஒரு துணிக்கொடி கட்டிக் கொடுத்திருக்கிறாள். தபால்காரர் கீழே நின்று மணி அடித்தால் கயிற்றில் கூடை இறங்குகிறது. பேருந்துக்கு வெளியே இரண்டு பேரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து போகிறார்கள். நடத்துநர் ஒரே நீட்டில் இரண்டு டிக்கெட்டையும் கொடுத்துவிடுகிறார். பேசிக்கொள்கிறார்கள், சில நாள் சிரிக்கவும் செய்கிறார்கள். எவ்வளவு ஒட்டிப் படுத்தாலும் நடுவில் ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. மழை வந்தால் அவன் பெரிய குடையாக ஒன்றை இருவருக்கும் சேர்த்துப் பிடிக்கிறான். குடைக்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அவர்கள் நனைவதில்லை. குடைக்குக் கீழே, அந்த ஒரு விரற்கடையில் மட்டும் மழை பெய்கிறது. பழக்கடைக்காரர் தன் தார்ப்பாயை அதற்குத் தகுந்தபடி கட்டிக்கொண்டுவிட்டார்.